கதவு திறந்தும் வழி இல்லை!

ஒரு கணிப்பொறிக்குள் இன்னொரு கணிப்பொறியை ஓட்டலாம் என்பது நீங்கள் அறிந்ததே. லேபில் அதை 'விஎம்' என்போம். அதன் ஹார்டு டிஸ்க் என்பது உண்மையில் நம் கணிப்பொறியில் உள்ள ஒரு பெரிய கோப்புதான். எங்கள் இறுதியாண்டு பிராஜெக்ட் முழுவதும் அப்படி ஒரு கோப்பில்தான் இருந்தது.

ரிவியூவுக்கு முதல் நாள் மாலை. புதிதாக உபுண்டு லினக்ஸ் போட்ட கணிப்பொறியில், என் ஹோம் டைரக்டரியில் கோப்பை வைத்து விஎம்மை ஸ்டார்ட் செய்தேன். 'பெர்மிஷன் டினைடு' என்று வந்தது! சீனியர் அண்ணன் நோட்டில் எழுதியிருந்தபடியேதான் செய்தேன். அவருக்கு ஓடியது எனக்கு ஏன் ஓடவில்லை?

"777 குடுடா, எல்லாம் சரியாயிடும்" என்றான் நண்பன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று பொருள். கோப்புக்குக் கொடுத்தேன். ஊஹூம், அதே பிழை!

காரணம் இதுதான். ஸ்டார்ட் சொல்வது நாம், ஓட்டுவது நாமல்ல. லிப்விர்ட் என்ற மென்பொருள், உபுண்டுவில் 'லிப்விர்ட்-கியூஇஎம்யூ' என்ற தனிப் பயனரின் பெயரில் விஎம்மை ஓட்டுகிறது. கோப்பின் உரிமையை அதுவே அந்தப் பயனருக்கு மாற்றிவிடும். ஆனால் போகும் பாதையிலுள்ள ஒவ்வொரு டைரக்டரியிலும் அவருக்கு 'எக்ஸ்' அனுமதி, அதாவது கடந்து செல்லும் உரிமை, வேண்டுமே! வீட்டுக் கதவு திறந்திருந்து தெருமுனை கேட் பூட்டியிருந்தால் எப்படிப் போவது? 2021-ல் வந்த உபுண்டு 21.04 முதல், புதிய ஹோம் டைரக்டரியின் அனுமதி 755-லிருந்து 750 ஆயிற்று. பிறருக்கு வழி கிடையாது. அண்ணன் நோட்டு அதற்கு முந்தியது!

'நேம்ஐ -எல்' என்று கொடுத்து, கோப்பின் முழுப் பாதையையும் கொடுங்கள். எந்தப் படியில் அடைப்பு என்று வரிசையாகக் காட்டிவிடும். கோப்பை '/வார்/லிப்/லிப்விர்ட்/இமேஜஸ்' டைரக்டரிக்கு மாற்றுவதே நல்ல தீர்வு. முடியாவிட்டால், 'செட்எஃப்ஏசிஎல்' கட்டளையால் அந்த ஒரு பயனருக்கு மட்டும் 'எக்ஸ்' கொடுக்கலாம். ஹோம் டைரக்டரிக்கே 777 கொடுப்பது வீட்டுச் சாவியை ஊருக்கே கொடுப்பதுதான்.

மாற்றினேன், ஓடியது. அரை மணியில் மறுபடி உறைந்து நின்றது! "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்றான் நண்பன். பட்டது போதும் என்று 'டிஎஃப் -ஹெச்' போட்டேன். டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியிருந்தது! 'கியூகவ்2' வகைக் கோப்பு சிறியதாகத் தொடங்கி, எழுத எழுத வளரும். வளர இடமில்லாதபோது விஎம் சாவதில்லை; 'பாஸ்' ஆகிக் காத்திருக்கிறது. அப்போது ஆஃப் செய்திருந்தால் சேமிக்காத வேலையெல்லாம் போயிருக்கும். பழைய ஐஎஸ்ஓ கோப்புகளை அழித்துவிட்டு 'விர்ஷ் ரெஸ்யூம்' கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து ஓடியது. மறுநாள் ரிவியூவும் நடந்தது.

பிழைச் செய்தி நம்மைத் திட்டுவதற்காக வருவதல்ல நண்பர்களே, வழி சொல்ல வருவது. முதலில் அதைப் படியுங்கள். பிறகு கீபோர்டில் கை வையுங்கள்!