காப்பர்-டி போடப் போறீங்களா? ரத்த ரிப்போர்ட் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு!

காப்பர்-டி பொருத்தவோ, கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் ஹெச்.எஸ்.ஜி எடுக்கவோ மருத்துவமனைக்குப் போகிறீர்கள். ரத்தம் எடுக்கிறார்கள். ஹெச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் மூன்றும் நெகட்டிவ். 'அப்பாடா, எனக்கு எந்தப் பால்வினைத் தொற்றும் இல்லை' என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க!

கிளமிடியா, கொனோரியா பற்றி அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இருக்காது. பாப் ஸ்மியரும் இதற்கான டெஸ்ட் இல்லை. சிறுநீரிலோ, பிறப்புறுப்பில் பஞ்சுக்குச்சியால் எடுக்கும் ஸ்வாபிலோ 'நாட்' என்ற பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

ஏன் முக்கியம்?

இந்தக் கிருமிகள் கருப்பை வாயில் தங்கும். பெரும்பாலான பெண்களுக்கு வலி, அரிப்பு என எந்த அறிகுறியும் இருக்காது. அந்த வழியாகக் கருவி உள்ளே போகும்போது, கிருமியும் கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறலாம். அங்கே புண்ணாகித் தழும்பு விழுந்தால், பின்னாளில் குழந்தையின்மையோ, கருக்குழாயிலேயே கரு தங்கும் ஆபத்தோ வரலாம். காப்பர்-டி போட்ட முதல் மூன்று வாரங்களில்தான் இந்த ரிஸ்க் அதிகம். தப்பு காப்பர்-டி மேல இல்லை, ஏற்கெனவே இருந்த தொற்று மேல!

யாருக்கு டெஸ்ட்?

25 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், புதிய துணை அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட துணை உள்ளவர்கள், துணைக்கு அறிகுறி உள்ளவர்கள் கேட்டுச் செய்துகொள்ளலாம். கல்யாணம் ஆகிவிட்டது என்பது தடுப்பூசி அல்ல. அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால், "டாக்டர், உங்ககிட்ட தனியா பேசணும்" என்று தயங்காம சொல்லுங்க.

தள்ளிப்போகுமா?

அறிகுறி இல்லாத பலருக்கு சாம்பிள் எடுத்த அன்றே காப்பர்-டி போட்டுவிடலாம். பிறகு பாசிட்டிவ் என்று வந்தாலும், பெரும்பாலும் அதை எடுக்காமலே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். சீழ் போன்ற வெள்ளைப்படுதலோ, உறுதியான தொற்றோ இருந்தால் மட்டும் முதலில் சிகிச்சை. துணைக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. இல்லையென்றால் தொற்று திரும்ப வரும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களே மாத்திரை வாங்காதீங்க.

காப்பர்-டி போட்ட பிறகு கடுமையான அடிவயிற்று வலி, காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்க.

நாட் டெஸ்ட் எல்லா இடத்திலும் இருக்காது, முன்பே விசாரித்துவிடுங்கள். யாரிடம் கேட்பது என்று கூச்சமா? 1097 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம்.