மலிவான தர்க்கப் பலகைகள்

மின்னணுச் சாதனங்களைப் பொழுதுபோக்காகச் செய்து பழகுவோரிடையே எப்.பி.ஜி.ஏ. பலகைகள் பரவியுள்ளன. இவற்றின் சில்லில் சிறு தர்க்க உறுப்புக்கள் நிரம்பியிருக்கும். அவற்றின் இணைப்பை வெரிலாக் போன்ற மொழியில் எழுதிக் கணினி மூலம் ஏற்றினால், சில்லே விரும்பிய மின்சுற்றாக அமையும். வேண்டாதபோது மாற்றியும் அமைக்கலாம்.

இவ்வகைச் சில்லை சைலிங்ஸ் கம்பெனியார் 1985-ல் வெளியிட்டனர். லாட்டிஸ் கம்பெனியாரின் ஐஸ்ஸ்டிக் என்னும் சிறு பலகையில் 1,280 உறுப்புக்கள் உள்ளன. 2015 முதல் அதற்கு ஐஸ்ஸ்டார்ம் என்னும் இலவச மென்பொருளும் உதவுகிறது.

மைக்ரோகண்ட்ரோலர் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும்; இதிலோ உறுப்புக்கள் யாவும் ஏககாலத்தில் வேலை செய்யும். ஆகையால் அதிவேகமான பல ஸிக்னல்களை ஒருங்கே கவனிப்பதற்கு இதுவே சிலாக்கியம். கிணற்று நீர்மட்டத்தைப் பார்த்துப் பம்புசெட்டை நிறுத்துதல் போன்ற மெதுவான வேலைக்கு மைக்ரோகண்ட்ரோலரே போதும். அதற்கென இப்பலகையை வாங்குதல் வீண் செலவாகும்.

செய்து பார்ப்போர் கவனிக்க வேண்டியவை:

1. ஐஸ்ஸ்டிக்கின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. 5 வோல்ட்டை நேரே கொடுத்தால் சில்லு கெடலாம்.

2. மின்சாரம் நின்றால் இத்தகைய சில்லுகளிற் பல தம் அமைப்பை இழக்கும்; மீண்டும் வந்ததும் பிளாஷ் நினைவகத்திலிருந்து ஏற்றுக்கொள்ளும். அந்த இடைவேளையில் ரிலே தானே இயங்காதவாறு சுற்றை அமைக்க வேண்டும்.

3. மோட்டாரைப் பலகையுடன் நேரே இணைத்தல் கூடவே கூடாது. ரிலே, கண்டாக்டர் ஆகியவற்றின் இணைப்பை மின்பணி அறிந்தவரே செய்தல் வேண்டும்.

ஆர்வமுள்ள மாணாக்கர் ஒரு சிறு விளக்கை மினுக்குவதிலிருந்து தொடங்குவது நலம்.