நள்ளிரவில் எண்ணிக்கொண்டிருப்பவர்

நான் வேலைக்குச் சேர்ந்தது ஸ்ட்ரோஜர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். செலக்டர்கள் ஏறி இறங்கும் சத்தத்தில் கூடமே அதிரும். ஒரு ராக்கில் தாளம் தப்பினால், மூத்த மெக்கானிக் திரும்பிப் பார்க்காமலே எந்த வரிசை என்று சொல்லிவிடுவார். இப்போது நான் கவனித்துக்கொள்ளும் சாஃப்ட்ஸ்விட்சில், அதாவது மென்பொருளால் இயங்கும் எக்ஸ்சேஞ்சில், ஏசி இரைச்சல்தான் கேட்கும். இரண்டு சர்வர்கள்: ஒன்று உழைக்கும், மற்றது மாற்றாளாக நிற்கும். மைனஸ் 48 வோல்ட் பேட்டரி ஒன்றுதான் அன்று பார்த்த முகம்.

நீங்கள் பேசும் பேச்சு இந்தச் சர்வருக்குள் வருவதே இல்லை என்றால் பலர் நம்புவதில்லை. இது கல்யாணத் தரகர் மாதிரி. யார் யாரை அழைக்கிறார், எந்தப் பாதை, குரலை எண்களாக்க எந்தக் கோடெக் என்று இரு தரப்பிலும் பேசி முடிக்கும்; பில்லுக்கு நேரம் குறித்துக்கொள்ளும். குரல், மீடியா கேட்வே வழியாகத் தனியே போகும். ஜி.711 கோடெக்கில் நொடிக்கு 8000 மாதிரிகள். 20 மில்லி விநாடிக்கு ஒன்று என்று கட்டினால், ஒரு திசைக்கு நொடிக்கு 50 பாக்கெட்டுகள்.

தலைவலியும் இங்கேதான். மணி அடிக்கும், எடுப்பார்கள், பில் ஓடும், அலாரம் ஒன்றும் வராது. ஆனால் ஒரு பக்கம் ஊமை. ஒரு வாடிக்கையாளர் இரவில் கூப்பிட்டு, "சார், நான் பேசுறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசுறது எனக்குக் கேக்கலை" என்றார். ட்ரேஸ் எடுத்தேன். குரலை அனுப்பச் சொல்லி அவர் போன் கொடுத்திருந்த முகவரி 192.168 என்று தொடங்கியது. அது அவர் அலுவலகச் சுவருக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. தபாலில் ஊர் பேர் எழுதாமல் 'மாடி ரூம்' என்று மட்டும் எழுதியதைப்போல. அன்று மாலைதான் ரவுட்டரை மாற்றியிருக்கிறார்கள். நல்லவேளை, அவர் குரல் நம் மீடியா கேட்வேக்கு வந்துகொண்டிருந்தது. வரும் பாக்கெட்டின் மேலேயே நிஜ முகவரி இருக்குமே! வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பும்படி அமைப்பை மாற்றினேன். கேட்டது.

மற்றபடி தினமும் சில்லறை வேலைகள்: பில் பதிவுகள் டிஸ்க்கை நிரப்பிவிட்டனவா, இரண்டு சர்வர்களின் கடிகாரமும் ஒத்துப்போகிறதா. சனிக்கிழமை இரவு மட்டும் கண்ணயரக் கூடாது. ஏதாவது கம்பெனியின் உள் டெலிபோன் அமைப்பான பிபிஎக்ஸின் பாஸ்வேர்டை எவனாவது கண்டுபிடித்து, கட்டணம் எக்கச்சக்கமான வெளிநாட்டு எண்களுக்கு விடியவிடிய அழைப்பான். அந்தக் கட்டணத்தில் அவனுக்கும் பங்கு. கம்பெனிக்காரருக்குத் திங்கட்கிழமைதான் தெரியவரும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதிகாலை 2 மணிக்கு, உழைக்கிற சர்வரை நானே நிறுத்துவேன். மாற்றாள் நிஜமாகவே எழுந்து நிற்கிறதா என்று வேறு எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு முன் இன்னொரு ஊரில் இருக்கும் பையனுக்கு ஒரு அழைப்பு போட்டு, "தம்பி, எண்ண ஆரம்பி" என்பேன். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு கமாண்டை அடிப்பேன். திரை முழுக்கச் சிவப்பு. அவன், "இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு, அண்ணே முடிஞ்சிருச்சா, இருபத்திமூணு..."