செம்பு வரைந்ததும் செம்பு தின்றதும்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நெதர்லாந்தில் வேலை பார்க்கும் அவருடைய மருமகன், அங்கே பழைய புத்தகக் கடை ஒன்றில் 1640-களில் அச்சான நிலப்படத் தாள் ஒன்றை வாங்கி வந்து மாமியாருக்குப் பரிசாகக் கொடுத்தாராம். முன்பக்கம் கண்ணை எடுக்க முடியாத அழகு. திருப்பிப் பார்த்தால் காடு, மேடு, எல்லைக்கோடு இருக்கிற இடமெல்லாம் டிகாக்‌ஷன் கொட்டியதுபோலப் பழுப்புக் கறை. “பிள்ளையை ஏமாற்றிவிட்டார்களா?” என்று கேட்கிறார்.

ஏமாற்றவில்லை, அம்மா. அந்தக் கறைதான் உங்கள் தாளுக்குக் கிடைத்திருக்கிற நல்ல சாட்சி. ஏன் என்று சொல்ல, செம்பிலிருந்து தொடங்க வேண்டும்.

மெர்காட்டர், ஹோண்டியஸ், பிளாவ் முதலான நிலப்படக்காரர்களின் பெரிய பெயர்களையும் அவர்கள் உலகை வரைந்த கதையையும் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் படங்கள் எப்படி அச்சாயின என்பதைத்தான் குறைவாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பாத்திரக் கடை வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். கல்யாணச் சீருக்கு வாங்கிய குடத்தையும் அண்டாவையும் கொடுத்தால், சின்ன உளியும் சுத்தியலும் வைத்துப் பெயர் வெட்டித் தருவார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஆம்ஸ்டர்டாமில் நடந்ததும் உலோகத்தில் பெயர் வெட்டுகிற வேலைதான். ஆனால் அங்கே சுத்தியல் கிடையாது. உளியின் பிடியை உள்ளங்கையில் தாங்கித் தள்ளுவார்கள். வளைவு வரும்போது கையைத் திருப்பாமல், தோல் திண்டின் மேல் இருக்கும் செப்புத் தட்டைத் திருப்புவார்கள். அச்சில் நேராக விழ வேண்டும் என்பதால் ஊர்ப் பெயர், நதி, மலை, கப்பல் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல வெட்ட வேண்டும். பிறகு தட்டு முழுக்க மையைத் தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால், வெட்டிய பள்ளத்தில் மட்டும் மை நிற்கும். ஈரக் காகிதத்தை அதன் மேல் வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தி இழுத்தால், காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். பழைய படத்தைச் சுற்றிலும் ஒரு செவ்வக அழுத்தத் தடம் தெரியும், தட்டின் விளிம்பு பதிந்த இடம் அது. விரலை வைத்தால் உணரலாம்.

பெயர் வெட்டும் பெரியவர் ஒருமுறை என் பாட்டியின் பெயரில் ஒரு காலை விட்டுவிட்டார். மீனாட்சி ‘மீனட்சி’ ஆகிவிட்டாள். பாட்டி கோபப்பட்டதும், அவர் குடத்தின் உட்புறத்திலிருந்து மெல்லத் தட்டி, வெளிப்பக்கம் தேய்த்து மழமழப்பாக்கி, மறுபடி வெட்டிக் கொடுத்தார். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பழைய எழுத்தின் நிழல் தெரியும். நிலப்படக்காரர்களும் இதையேதான் செய்தார்கள். வில்லெம் பிளாவ் 1629-இல் ஹோண்டியஸ் குடும்பத்திடமிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட தட்டுகளை வாங்கினார். ஹோண்டியஸ் பெயரைத் தட்டிச் சமன்செய்து, அந்த இடத்தில் தன் பெயரை வெட்டினார். புதிய கரை கண்டுபிடிக்கப்பட்டால் பழைய கரை தேய்க்கப்படும். முழுதும் அழியாத கோடு அடுத்த அச்சில் ஆவிபோல நிற்கும். சேகரிப்பவர்கள் பூதக்கண்ணாடியோடு தேடுவது இந்த நிழல்களைத்தான். ஒரே தட்டிலிருந்து வந்த இரண்டு தாள்களில் எது முந்தியது என்று அவை சொல்லிவிடும்.

இனி வண்ணம். இந்தப் படங்கள் கறுப்பு மையில் மட்டும்தான் அச்சாயின. நீங்கள் பார்க்கும் பச்சை, சிவப்பு, மஞ்சள் எல்லாமே கையால் பூசியவை. அதற்கென்றே தனித் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1570-இல் ஆன்ட்வெர்ப்பில் முதல் நவீன அட்லஸை வெளியிட்ட ஆர்ட்டீலியஸ், தொழிலைத் தொடங்கியதே நிலப்படத்துக்கு வண்ணம் தீட்டுபவராகத்தான். 1547-இல் அந்நகரத்து ஓவியர் சங்கத்தில் அப்படித்தான் அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. நதியின் பெயரையும் கடலின் எல்லையையும் வண்ணம் தீட்டித் தீட்டியே மனப்பாடம் செய்தவர், பின்னால் உலகத்தையே ஒரு புத்தகத்தில் அடுக்கினார் என்பதை நினைக்க எனக்கு எப்போதும் மகிழ்ச்சி.

அந்தப் பச்சைக்கு என்ன பொருள் தெரியுமா? நம் வீட்டுக் களிம்புதான்.

ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் ரசம் மீந்து இரவு முழுவதும் கிடந்தால், காலையில் விளிம்போரம் பச்சை பூத்திருக்கும். அம்மா அதைக் கீழே கொட்டிவிட்டு, “ஈயம் பூசுகிறவர் வந்தால் கூப்பிடு” என்பார். புளிப்பும் செம்பும் காற்றும் சேர்ந்தால் களிம்பு. நமக்கு அது விஷம், புளி போட்டுத் தேய்த்துப் போக்க வேண்டியது. ஐரோப்பாவில் அதையே வேண்டுமென்று வளர்த்துச் சுரண்டி விற்றார்கள். பிரான்சின் மோன்பெலியே நகரத்தில் இது வீட்டுத் தொழில். நிலவறையில் மண்பானைக்குள் செப்புத் தகடுகளைப் புளித்த திராட்சைச் சக்கையோடு அடுக்கி வைத்துக் களிம்பு எடுத்தவர்கள் பெண்கள். அதை அரைத்துப் பிசினில் குழைத்தால் அருமையான பச்சை. காட்டுக்கும் சமவெளிக்கும் நாட்டு எல்லைக்கும் அதைத்தான் பூசினார்கள்.

பூசியபோது பச்சை. ஆனால் களிம்பிலிருக்கும் செம்பு சும்மா இருப்பதில்லை. ஈரமும் காற்றும் பட்டபோதெல்லாம் அது காகிதத்தின் நாருக்குள் இறங்கி, நாரை அறுத்துக்கொண்டே போகிறது. அக்காலக் காகிதம் பழைய துணியைக் கூழாக்கிச் செய்தது. மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் மற்ற இடங்களில் மடித்தால் மடிகிறது. பச்சை பூசிய இடத்தில் மட்டும் முதலில் பின்பக்கம் பழுப்பேறும். பிறகு பச்சையே பழுப்பாகும். பிறகு மொறமொறத்து அப்பளம்போல உடையும். எல்லையில் மட்டும் பச்சைக் கோடு போட்ட படங்களில், சரியாக அந்த எல்லை வழியாகவே தாள் விண்டு, ஒரு நாடு இன்னொன்றிலிருந்து பிரிந்து விழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

செம்பும் களிம்பும் நமக்குப் பழைய உவமை. உயிரோடு ஆணவம் ஒட்டியிருப்பதைச் சைவ சித்தாந்தம் இப்படித்தான் சொல்லும்: வெளியிலிருந்து வந்து ஒட்டியதில்லை, கூடவே இருப்பது. இந்த நிலப்படங்களைப் பார்க்கும்போது அந்த உவமை எனக்குக் கண்ணெதிரே நிற்கிறது. செம்பில் வெட்டி, செம்பால் அச்சிட்டு, செம்பாலேயே வண்ணம் பூசி, கடைசியில் செம்பாலேயே அரிக்கப்படுகிற தாள்.

ஆகவே, வாசகி அவர்களே, உங்கள் தாளின் பின்பக்கப் பழுப்பு முன்பக்கப் பச்சையை வரி தவறாமல் பின்தொடர்ந்தால், அந்த வண்ணம் பழைய கையால் பூசியது என்பதற்கு அது நல்ல அடையாளம். பழுப்பு இல்லாவிட்டால் உடனே போலி என்றும் சொல்லக்கூடாது. களிம்பு சேராத பச்சையும் உண்டு, வண்ணமே பூசாமல் விற்ற படங்களும் ஏராளம். அப்படிக் கறுப்பு வெள்ளையில் தப்பிப் பிழைத்த தாள்களுக்கு இப்போது கடைக்காரர்கள் புது வண்ணம் பூசி விற்கிறார்கள். அழகாக இருக்கிறது என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உளி இழுத்த கோடு தனியாக நிற்பதன் அழகு தெரியாதவர்கள் செய்கிற வேலை அது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருக்கிறது. இந்தத் தாள் எங்கிருந்து வந்தது? பின்பக்கம் லத்தீனோ டச்சோ அச்சாகியிருக்குமே, அது புத்தகத்தின் பக்கம் என்பதன் அத்தாட்சி. உதாரணத்துக்கு, வில்லெமின் மகன் யோவான் பிளாவ் 1662-இல் வெளியிட்ட பெரிய அட்லஸின் லத்தீன் பதிப்பு 11 தொகுதிகள், அதில் ஏறத்தாழ 600 படங்கள். அந்த நூற்றாண்டில் விலைக்குக் கிடைத்த அச்சுப் புத்தகங்களிலேயே விலை உயர்ந்தது அதுதான் என்பார்கள். 1672 பிப்ரவரியில் பிளாவ் அச்சகம் தீப்பிடித்து, செப்புத் தட்டுகள் பல அழிந்துபோயின. அடுத்த ஆண்டு யோவானும் போய்விட்டார். அழிந்த தட்டுகளின் படங்களை மறுபடி அச்சிட வழி ஏது? அவற்றுக்கு மிஞ்சியவை அச்சாகி வெளியே போய்விட்ட புத்தகங்கள்தாம். அந்தப் புத்தகங்களை மனிதர்கள் பக்கம் பக்கமாக அறுத்தார்கள். முழுப் புத்தகத்தை வாங்க ஒருவர் வருவார், ஒற்றைத் தாளை வாங்க நூறு பேர் வருவார்கள் என்ற கணக்கு. 2005-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் தரையில் ஒரு கத்தி அலகு கிடந்ததை ஊழியர் ஒருவர் கவனித்தார். அதை வைத்துப் பிடிபட்ட நிலப்பட வணிகர், பல நூலகங்களிலிருந்து 97 படங்களைத் திருடியதை ஒப்புக்கொண்டார்.

இது எங்கோ நடக்கிற சேதி என்று நினைக்க வேண்டாம். பிளாவ் அச்சகம் எரிந்த அதே 1672-இல்தான், யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்த பால்டேயஸின் மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை பற்றிய பெரிய நூல் ஆம்ஸ்டர்டாமில் வந்தது. அதன் யாழ்ப்பாணப் படத்தில் வேலணைக்கு லெய்டன் என்றும் காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம் என்றும் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் பெயர். தெல்லிப்பழை, மல்லாகம், பண்டத்தரிப்புத் தேவாலயங்களையும் செம்பில் வெட்டியிருக்கிறார்கள். அந்த ஊர்களையும் பள்ளிகளையும் பற்றி அவர் எழுதியது படங்களை ஒட்டிய பக்கங்களிலேயே இருக்கிறது. இன்று அந்தத் தேவாலயப் படங்கள் தனித்தனித் தாளாக விலைக்கு வருகின்றன. வாங்கி மாட்டுகிறவருக்கு அது எந்த ஊர் என்பதுகூடத் தெரிவதில்லை, சொல்லியிருந்த பக்கத்தை அறுத்தாயிற்று.

நண்பர் ஒருவர் இப்படி ஒரு தாளை ஆசையோடு வாங்கி வந்தார். சட்டம் போடக் கொடுத்த கடையில், சுருங்காமல் இருக்கும் என்று சொல்லிப் பலகையில் பசை தடவி ஒட்டி, மேலே பிளாஸ்டிக் உறையும் போட்டுவிட்டார்கள். முந்நூறு வருடம் தாங்கிய தாள். இப்போது பின்பக்கத்தை யாராலும் படிக்க முடியாது. உறையை உரித்தால் மையும் சேர்ந்து வரும்.

உங்கள் தாளுக்கு அந்தக் கதி வேண்டாம். லேமினேஷன் கூடாது, பசை கூடாது, ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. நீர் பட்டால் செம்பு இன்னும் பரவும். அமிலம் இல்லாத அட்டை உறையில் தட்டையாக, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். மருமகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: முழு அட்லஸிலிருந்து தாளை அறுத்துத் தருகிறேன் என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால், அங்கே வாங்க வேண்டாம். தாளை எடுத்துப் பார்க்கும்போது இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடியுங்கள், பச்சையின் மேல் விரல் படாமல்.