உங்களுக்குத் தெரியுமா? ஒரே படத்தில் பல பேய், பல தரம்

நான்கைந்து பேய்க்கதைகளைச் சேர்த்து ஒரே படமாகத் தரும் ஆந்தாலஜியைப் பார்த்து முடித்ததும் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான்: "ரெண்டாவது கதை சூப்பர், கடைசிக் கதை சொதப்பல்." ஏன் இப்படி ஆகிறது?

அதே நால்வர், நான்கு தரம்

2020 ஜனவரி 1 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான இந்திப் படம் 'கோஸ்ட் ஸ்டோரீஸ்'. ஜோயா அக்தர், அனுராக் காஷ்யப், திபாகர் பானர்ஜி, கரண் ஜோஹர் ஆகிய நால்வரும் ஆளுக்கொரு கதை எடுத்தார்கள். 'பாம்பே டாக்கீஸ்' (2013), 'லஸ்ட் ஸ்டோரீஸ்' (2018) படங்களுக்காக ஏற்கெனவே சேர்ந்தவர்கள்தான். ஆனால் பேய் என்று வந்ததும் நால்வரும் நான்கு திசையில் போனார்கள். திபாகரின் கதையில், ஓர் அதிகாரி சிற்றூர் ஒன்றில் வந்து இறங்குகிறார். ஊரே காலி. மிஞ்சியிருப்பவர்கள் இரண்டு பிள்ளைகள். பக்கத்திலுள்ள பெரிய ஊர்க்காரர்கள் இந்தச் சிற்றூர்க்காரர்களைத் தின்றுவிட்டார்கள். உயிர் பிழைக்கும் வழியை அந்தப் பிள்ளைகள்தாம் அவருக்குச் சொல்லித்தருகிறார்கள். விமர்சகர்கள் பெரும்பாலும் இந்தக் கதையைத்தான் கொண்டாடினார்கள். செத்துப்போன பாட்டியோடு பேசிக்கொண்டிருக்கும் கணவனைப் பற்றிய கரண் ஜோஹரின் கதைக்கு அந்த வரவேற்பு இல்லை. என்னைக் கேட்டால், திபாகரின் கதையை இரண்டரை மணி நேரப் படமாக எடுக்க எந்தத் தயாரிப்பாளரும் லேசில் பணம் போட்டிருக்க மாட்டார். ஆந்தாலஜி என்பதால்தான் அதற்கு இடம் கிடைத்தது.

ஒரே இயக்குநர் எடுத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. 2003-இல் ராம் கோபால் வர்மா தயாரிக்க, பிரவால் ராமன் ஒருவரே இயக்கிய 'டர்னா மனா ஹை' படத்தில் ஆறு கதைகள். கார் பழுதாகிக் காட்டில் மாட்டிக்கொண்ட நண்பர்கள் நெருப்பு மூட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். ஷில்பா ஷெட்டி நடித்த கதையில் ஆப்பிள் சாப்பிட்டவர்கள் ஆப்பிளாகவே மாறிவிடுகிறார்கள். சயீஃப் அலி கான் நடித்த கதையிலோ, சிகரெட் பிடிக்கக்கூடாது என்ற விதியை வெறியோடு காக்கும் ஓட்டல்காரரிடம் ஒருவர் சிக்குகிறார். முன்னதில் வேடிக்கைதான் மிஞ்சுகிறது, பின்னதில் உண்மையாகவே வியர்க்கிறது. இயக்குநர் ஒருவர்தான்.

பயம் உடனே வருவதல்ல, ஊற வேண்டும் என்பதுதான் இதற்குக் காரணம். முழுநீளப் படத்தில் முதல் அரை மணி நேரத்தில் சேர்த்த பயம் கடைசிவரை கைகொடுக்கும். ஆந்தாலஜியில் ஒவ்வொரு கதையும் புது ஆள், புது வீடு, புது விதி என்று பூஜ்யத்திலிருந்து கிளம்பியாக வேண்டும். இருபது, முப்பது நிமிடத்துக்குள் அந்த ஊறலுக்கு இடம் விட்ட கதை தேறுகிறது.

பயத்துக்கு நான்கு காரணம்

அச்சம் நான்கு இடத்திலிருந்து பிறக்கிறது என்கிறது தொல்காப்பியம்: அணங்கு (பேய் போன்ற சக்தி), விலங்கு, திருடர், ஆளும் அரசன். நம் சினிமா முதல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது. நீலகிரியில் தேவர்சோலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டாவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 செப்டம்பர், அக்டோபரில் டி-23 என்ற புலி அந்தச் சுற்றுவட்டாரத்தையே முடக்கிப்போட்டது. கும்கி யானை, டிரோன், மோப்ப நாய் என்று மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15 அன்று மசினகுடிப் பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். அந்த மூன்று வாரமும் தேயிலைச் செடி அசைந்தால் போதும், பறிக்கிற கை நின்றுவிடும். கண்ணில் படாத புலிதான் அதிகம் பயமுறுத்தியது. நல்ல பேய்க்கதை எடுப்பவர்கள் நம்பியிருப்பதும் இதைத்தான்.

அந்தப் புலி வேட்டைக்கு முந்தைய மாதம்தான், ஒரே இயக்குநரின் இரண்டு பயங்கள் அடுத்தடுத்து வெளியாயின. ரதீந்திரன் ஆர். பிரசாத் 'நவரசா' தொகுப்பில் அச்சச் சுவைக்காக 'இன்மை'யை எடுத்திருந்தார். சித்தார்த்தும் பார்வதியும் நடித்தது. அதே ஆகஸ்டில் அவருடைய முழுநீளப் படமான 'பூமிகா'வும் வந்தது. நீலகிரியில் கைவிடப்பட்ட பள்ளிக்கூடம் ஒன்றை இடித்துக் கட்ட வருபவர்களைக் காடு விரட்டும் கதை. குறும்படத்தில் ஓர் அறையும் இரண்டு பேரின் பேச்சுமே பயத்தைச் சுமக்கின்றன. 'பூமிகா'வுக்கு மலையும் மரமும் நேரமும் இருந்தன. ஆனாலும் 'இன்மை'தான் எனக்கு இறுக்கமாகப் பட்டது. குறைந்த நேரம் எப்போதும் தண்டனை அல்ல.

'நவரசா'வில் நடித்தவர்களும் இயக்கியவர்களும் சம்பளம் வாங்கவில்லை. கொரோனாவில் வேலை இழந்த திரைத்தொழிலாளர்களுக்கு உதவத்தான் அந்தத் தொகுப்பே உருவானது. அதன் ஒன்பது கதைகளில் எது மட்டம் என்று பட்டியல் போடும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தேறாததை வெட்டினால்?

வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். 1945-இல் பிரிட்டனின் ஈலிங் ஸ்டூடியோ எடுத்த 'டெட் ஆஃப் நைட்' படத்தில் நான்கு இயக்குநர்கள், ஐந்து கதைகள். ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வரும் கட்டடக் கலைஞர், அங்கிருக்கும் எல்லோரையும் தன் கனவில் ஏற்கெனவே பார்த்ததாகச் சொல்கிறார். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். பேசும் பொம்மையைப் பற்றிய கதை இன்றும் நடுங்கவைக்கிறது. கோல்ஃப் ஆட்டக்காரர்களின் வேடிக்கைக் கதைதான் படத்தின் பலவீனம் என்று அன்று முதலே பேச்சு. அமெரிக்காவில் வெளியிட்டபோது அதையும் கிறிஸ்துமஸ் விருந்துக் கதையையும் தூக்கிவிட்டார்கள். கடைசியில் எல்லாக் கதைகளும் ஒரே கெட்ட கனவாகக் கலக்கும் இடத்தில், வெட்டிய கதையின் ஆட்கள் யார் என்றே தெரியாமல் ரசிகர்கள் விழித்தார்கள்.

 

சத்யஜித் ராயின் 'தீன் கன்யா'வும் (1961) தப்பவில்லை. தாகூரின் மூன்று கதைகளில் நடுவிலிருந்த 'மணிஹாரா' பேய்க்கதை. நகைமேல் உயிரையே வைத்திருக்கும் மனைவி திரும்பி வருகிறாள். வெளிநாட்டுக்குப் போன பிரதியில் அந்தக் கதை மட்டும் இல்லை, படத்தின் பெயரும் 'டூ டாட்டர்ஸ்' ஆனது. ராய் எடுத்த பேயைப் பல நாட்டு ரசிகர்களால் ரொம்ப காலம் பார்க்கவே முடியவில்லை. ஜப்பானின் 'க்வைதான்' படத்திலும் இதே கதிதான். அமெரிக்கப் பிரதிக்காக வெட்டிய பனிப்பெண் கதை, என் கணக்கில் நான்கில் மிக அழகானது.

பணம் தீர்ந்தால்?

1924-இல் வந்த ஜெர்மானிய மௌனப்படம் 'வாக்ஸ்வொர்க்ஸ்'. நான்கு மெழுகுப் பொம்மைகளுக்கு நான்கு கதை என்று திட்டம். பணம் தீர்ந்து நான்காவதை எடுக்கவே இல்லை. எடுத்த மூன்றிலும் ஜாக் தி ரிப்பர் கதை சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

முடிவே இல்லாமல் நின்ற கதை

'ட்வைலைட் ஸோன்: தி மூவி' (1983) படத்துக்கு விமர்சகர் ரோஜர் ஈபர்ட் மொத்தமாக ஒரு மதிப்பெண் தராமல், நான்கு கதைகளுக்கும் தனித்தனியாக நட்சத்திரம் கொடுத்தார். ஜான் லாண்டிஸின் முதல் கதையும் ஸ்பீல்பெர்க்கின் இரண்டாவது கதையும் பின்தங்கின. ஜோ டான்டே, ஜார்ஜ் மில்லர் எடுத்த கடைசி இரண்டும் மேலே போயின. ஆனால் முதல் கதை குறைப்பட்டதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. இனவெறி பிடித்த ஒருவன் கடைசியில் இரண்டு வியட்நாம் குழந்தைகளைக் காப்பாற்றித் திருந்துவதாகக் கதை. அந்தக் காட்சியை எடுக்கும்போது, 1982 ஜூலை 23 அன்று, ஹெலிகாப்டர் விழுந்து நடிகர் விக் மாரோவும் இரண்டு குழந்தைகளும் இறந்துபோனார்கள். சட்ட விதிகளை மீறி அந்தப் பிள்ளைகளை இரவில் வேலைக்கு வைத்திருந்தார்கள். அவன் திருந்தும் முடிவு இல்லாமலேயே படம் வெளிவந்தது.