உங்களுக்குத் தெரியுமா? அரிசி பில்லுக்கு 72 மணி நேரக் கெடு!

மலேசியாவின் செகிஞ்சான் ஊர் நெல் ஆலைக்கு வந்ததும் எடைமேடை ஏறும். ஈரப்பதம், பதருக்குக் கழிவு போட்டுத்தான் விலை. அரிசியாகி மொத்த வியாபாரிக்குப் போகும்போதோ பில் எழுதும் முறையே மாறிவருகிறது.

மலேசியாவில் 2024 ஆகஸ்டு 1 முதல், ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் எனும் மின்னணு பில் கட்டாயம். சிறிய நிறுவனங்கள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன.

வாங்குபவர், விற்பவர், சரக்கு, விலை, வரி என 55 வகை விவரங்களுக்கு இ-இன்வாய்ஸில் இடமுண்டு. விற்பவரின் மென்பொருளே அதை உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் ‘மைஇன்வாய்ஸ்’ தளத்துக்கு அனுப்பும். தளம் சரிபார்த்துத் தனி எண் தரும். பில்லில் கியூஆர் குறியீடும் ஏறும்.

மூட்டைக் கணக்கு தப்பினால்? 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு கிரெடிட் நோட்டு, டெபிட் நோட்டு போட்டுத்தான் திருத்த முடியும்!