புதுக் காரில் ஒரு கீறல்

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம்மவர் நெடுங்காலமாகக் கூறிவரும் பழமொழி. ஆனால், விலை கொடுத்து வாங்கும் மாட்டையோ பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, சிறிது தூரம் நடக்கவிட்டுப் பார்த்து, அதன் பின்னரே மடியை அவிழ்ப்பது நம் முன்னோரின் வழக்கம். மாட்டுச் சந்தையிலே இத்துணை விழிப்பாக நின்றவர்களின் பேரர்கள், வாழ்நாளிற் சேர்த்த பெருந்தொகையைக் கொடுத்து ஒரு புதிய மோட்டார்க் காரை வாங்கச் செல்லும்பொழுது மட்டும் தானம் பெறுவாரைப் போல வாய் மூடி நிற்பதேன்?

காரணம் காண்பது அரிதன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேதான் இந்நாட்டில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட பஞ்சத்திலே பழைய கார்கள், தாம் புதியனவாய் விற்கப்பட்ட விலையிலும் மிகுந்த விலைக்குக் கைமாறியதைக் கண்ணாரக் கண்டோம். ஆகவே, புதிய கார் ஒன்று கிடைப்பதே பெரும் பேறு என்னும் எண்ணம் நம் மனத்தில் ஊறிவிட்டது. அதற்கு மேல் நல்ல நேரம் வேறு. சோதிடர் குறித்துக் கொடுத்த முக்கால் மணி நேரத்துக்குள் பாட்டி முதல் பேரப்பிள்ளை ஈறாக யாவரும் விற்பனைக் கூடத்திற் கூடிவிடுவர். பொனற்றிற் சந்தனப் பொட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம், அடுத்தாற்போற் பிள்ளையார் கோயில். அந்த வேளையிலே கதவின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் கண்ணிற் பட்டால், யார் வாய் திறப்பார்? "பொலிஷ் போட்டாற் போய்விடும், சேர்" என்பார் விற்பனையாளர். "நல்ல காரியத்திலே குறை சொல்லாதை, தம்பி" என்பார் பாட்டி. திறப்புக் கைக்கு வந்துவிடும். கீறலும் உடன் வந்துவிடும்.

கீறல் ஒன்று அத்துணை பெரிய பொருளா என்று கேட்பார்க்கு, ஐக்கிய அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். அலபாமா மாநிலத்துப் பேர்மிங்காம் நகரைச் சேர்ந்த ஐரா கோர் என்னும் வைத்தியர், 1990 ஜனவரியிலே கறுப்பு நிறப் பீ.எம்.டபிள்யூ. கார் ஒன்றைப் புதிதாக வாங்கினார். விலை 40,750 டொலர் 88 சதம். ஏறத்தாழ ஒன்பது மாதம் அதனை ஓட்டினார். ஒரு குறையும் அவர் கண்ணுக்குப் புலனாகவில்லை. பின்னர், காரை இன்னும் மினுக்கித் தரும்படி அத்தொழில் செய்வார் ஒருவரிடம் விட்டார். அவர் பார்த்த மாத்திரத்தே சொன்னார், இந்தக் கார் மறுமுறை வர்ணம் பூசப்பட்டது என்று. விசாரித்தபொழுது உண்மை வெளிவந்தது. ஜேர்மனியிலிருந்து வரும் வழியிலே அமில மழை பட்டுப் பூச்சுப் பழுதாகியிருந்தது. கொம்பனியார் 601 டொலர் 37 சதம் செலவிட்டு மீளப் பூசினர். திருத்தச் செலவு காரின் விலையில் நூற்றுக்கு மூன்று வீதத்துக்கு மேற்படாவிடின், அதை ஒருவருக்கும் அறிவியாது புதிய காராகவே விற்பது 1983 முதல் அவர்கள் கைக்கொண்ட கொள்கை. இவ்வாறு விற்கப்பட்ட கார்கள் 983 என்பதும் வழக்கிலே தெரியவந்தது.

வைத்தியர் கோரியது திருத்தச் செலவை அன்று. மறுபூச்சுக் கண்ட கார், காணாத காரிலும் பத்து வீதம் மதிப்புக் குறைந்தது எனத் தொழிலறிந்த ஒருவர் சாட்சியம் கூறினார். யூரர்கள் 4,000 டொலரை நட்டமாகவும், தண்டனையாக 40 இலட்சம் டொலரையும் விதித்தனர். மாநில உயர் நீதிமன்றம் தண்டனையை 20 இலட்சமாகக் குறைத்தது. 1996இல் அதியுயர் நீதிமன்றம் அதுவும் மிகையென ஐவருக்கு நால்வர் என்ற கணக்கிலே தீர்ப்பளிக்க, முடிவில் அத்தொகை 50,000 டொலராயிற்று. சட்ட மாணவர்கள் இவ்வழக்கைப் படிப்பது அந்தத் தண்டனைத் தொகையின் பொருட்டு. கார் வாங்குவோர் படிக்கவேண்டியது அந்த 601ஐயும் 4,000ஐயும். கொம்பனியார் பூச்சின் கூலியைக் கணக்கிட்டனர். வைத்தியரோ காரின் மதிப்பைக் கணக்கிட்டார். ஒரு கோடி ரூபாக் காருக்கு இவ்விகிதத்தை அப்படியே பொருத்தினால், வர்ணக் கூலி ஏறக்குறைய ஒன்றரை இலட்சம். மதிப்பிழப்புப் பத்து இலட்சம். நம் நாட்டில் விகிதம் வேறாயிருக்கலாம். ஆனால் விற்பனைக் கூடத்திலே நடக்கும் பேச்சு யாவும் முதற் கணக்கைப் பற்றியதாகவே இருக்கும் என்பதை மறத்தலாகாது. இலவசக் கால்விரிப்பும், ஒரு தடவை இலவச சேர்விசும் அந்த முதற் கணக்கிலிருந்தே பிறப்பன.

மறுபூச்சு ஏன் மதிப்பைக் குறைக்கின்றது? மனப்பிராந்தி மட்டுமன்று. தொழிற்சாலையிலே கதிரையும் கம்பியும் றப்பரும் பூட்டப்படுமுன், காரின் வெற்றுடலைத் தொட்டியில் அமிழ்த்தி மின்னோட்டத்தின் துணையாலே துருத் தடுக்கும் முதற்பூச்சைப் படியவிடுவர். அதன்மேற் பெரும்பாலும் இடைப்பூச்சு ஒன்று, பின் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற பளபளப்புப் பூச்சு. மேற்பூச்சுகளை 140 பாகை செல்சியஸ் அளவில் சூளையிலே வேகவைப்பர். முதற்பூச்சுக்கு வெப்பம் இன்னும் மிகுதி. பூட்டி முடித்த காரை அத்துணை வெப்பத்திலே வைத்தல் இயலாது. கம்பியும் றப்பரும் கெட்டுவிடும். ஆதலால் கராஜிலே 60 பாகை அளவிற் காயக்கூடிய வேறு வகைப் பூச்சையே பயன்படுத்துவர். கைதேர்ந்தவர் செய்தால் அது பல்லாண்டு நிலைக்கும்; ஐயமில்லை. ஆயினும் அது முதற்பூச்சன்று. கடற்காற்று வீசும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் உலோகம் வரை இறங்கிய ஒரு கீறலை அரைகுறையாய் மூடினால், துரு உள்ளிருந்தே தன் வேலையைத் தொடங்கும்.

இப்பூச்சுகள் யாவும் சேர்ந்தும் பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் தடிப்பே. மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு தலைமயிரை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஏறக்குறைய இத்தடிப்பு வந்துவிடும். அதில் மேலேயுள்ள நிறமற்ற பூச்சு 40, 50 மைக்ரோன் மாத்திரம். பொலிஷ் போடுதல் என்பது கீறலை நிரப்புவதன்று. அதனைச் சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்துக் குறைப்பதேயாம். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அப்பூச்சே என்பதால், தேய்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு. நகத்தை மெல்ல ஓடவிட்டுப் பாருங்கள். நகம் தடையின்றிச் சென்றால் பொலிஷுக்குப் பெரும்பாலும் நீங்கும். நகம் இடறினால் நீங்குவது அரிது. அங்கே வர்ணம் வேண்டும். அழுக்குத் துணியாற் கழுவியதால் உண்டாகும் வட்ட வட்ட மயிர்க்கீறல்கள் முதல் வகையின. இவற்றைக் கண்டு காரை மறுப்பது, சேலையில் மடிப்புத் தழும்பு உண்டென்று கூறைச்சேலையைத் திருப்பியனுப்புவதை ஒக்கும்.

கண்ணுக்குத் தெரியும் கீறலிலும் அஞ்சத்தக்கது, தெரியாதபடி மறைத்த கீறல். விற்பனைக் கூடத்து விளக்கொளியில் எந்தக் காரும் அழகியே. கழுவித் துடைத்து, ஈரமில்லாத காரைப் பகல் வெளிச்சத்திலே நிறுத்தி, பக்கவாட்டிலே குனிந்து, மின்கம்பத்தின் நிழல் அதன் உடலில் எவ்வாறு விழுகின்றது என்று பாருங்கள். நேர்கோடு ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே கை பட்டிருக்கின்றது. கண்ணாடியைச் சூழ்ந்த றப்பரில் வர்ணத் தூசி படிந்திருக்கின்றதா? பொனற்றையும் மட்காட்டையும் பிணைக்கும் ஆணிகளின் தலையிலே வர்ணம் உடைந்திருக்கின்றதா? பூச்சின் தடிப்பை அளக்கும் சிறு கருவியும் உண்டு. ஒரு கதவு 120 மைக்ரோன் காட்ட, மறு கதவு 280 காட்டுமாயின் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. யப்பானில் ஓடிய காரை வாங்குபவர் ஏலத் தாளைப் பார்த்து, ஏ என்றாற் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் திருத்திய அடையாளம் என ஒவ்வொரு வடுவையும் இடஞ்சுட்டி அறிந்துகொள்கின்றார். முற்றிலும் புதிய காரை வாங்குபவரோ அத்தகைய தாள் ஒன்றுமின்றி வாங்குகின்றார். விந்தைதான்.

இனி, ஏற்பதா மறுப்பதா என்பது. குறை எந்தப் பாகத்தில் உள்ளது என்பதே முதற் கேள்வி. பம்பர் பிளாத்திக்கு, துருப்பிடியாது, தேவையாயின் புதிதாக மாற்றலாம். கதவு, பொனற், முன் மட்காட் ஆகியன ஆணியாற் பூட்டப்பட்டவை. இவற்றில் உள்ள குறைக்கு விலைக்குறைப்போ நல்ல திருத்தமோ கேட்டு இணங்கலாம். கூரையும், கதவுகளைத் தாங்கும் தூண்களும், பின் சக்கரத்தை மூடிய பக்கத் தகடும் உடலோடு ஒட்டவைக்கப்பட்டவை. அங்கே பூசிய வர்ணத்துக்கு எல்லை வகுத்தல் கடினம். பின்னாளில் வாங்க வருபவர், கார் விபத்துக்குள்ளானது என்றே முடிவு கட்டுவார். இவ்விடங்களில் ரிங்கரிங் வேலையோ மறுபூச்சோ கண்டால் வேறு கார் கேட்பதே தக்கது என்பது என் துணிபு.

மறுப்பதற்கும் விலையுண்டு. அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ரூபாவின் பெறுமதியும் வரியும் எப்படி மாறுமோ? பத்தாண்டு வைத்து ஓட்ட எண்ணும் குடும்பத்துக்குப் பம்பர்க் கீறல் ஒரு பொருட்டன்று. புறக்கோட்டையில் ஒரு கிழமை ஓட்டினால் அதற்குத் துணையாக வேறு கீறல்கள் தாமே வந்து சேரும். மூன்றாம் ஆண்டில் விற்று வேறு வாங்க எண்ணுபவரோ மறுபூச்சை இலேசாகக் கொள்ளலாகாது.

எதுவாயினும், முடிவு திறப்பை வாங்குமுன் எடுக்கப்பட வேண்டும். நம் நாட்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத்தது. 1893ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவியது. வாங்குபவர் பொருளைச் சோதிக்க நியாயமான வாய்ப்புப் பெறுமுன் அதனை ஏற்றவராகார் என்று அது கூறுகின்றது. ஆனால் ஏற்றதாக அறிவித்தாலோ, நியாயமான காலம் கடந்தும் மறுப்புத் தெரிவியாது வைத்திருந்தாலோ ஏற்றவராவார். அந்தக் காலம் எவ்வளவு குறுகியது என்பதற்கு, 1987ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்ட அறிக்கைகளில் உள்ள பேர்ன்ஸ்ரீன் வழக்குச் சான்று. புதிய நிசான் கார் மூன்று கிழமையில், சுமார் 140 மைல் ஓடியதும் எஞ்சின் இறுகி நின்றது. காரிற் குறையுண்டு என ஒப்புக்கொண்ட நீதிபதி, திருப்பிக் கொடுக்கும் காலம் கடந்துவிட்டது என்றார். நட்டஈடு மட்டுமே கிடைத்தது. எஞ்சினுக்கே இந்த நிலையென்றால் வர்ணத்தின் கதியை எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டு அறிக்கைகளில் வந்த றேஞ்ச் ரோவர் வழக்கொன்றில், புதிய காரை வாங்குபவர் அதன் தோற்றத்திற் பெருமிதம் கொள்ளவும் உரியவர் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது ஓர் ஆறுதல். இங்கிலாந்தில் 1994இல் சட்டத்தைத் திருத்தி, தோற்றமும் சிறு குறையின்மையும் பொருளின் தரத்துள் அடங்கும் என வகுத்தனர். 2015 முதல் நுகர்வோர்க்குத் திருப்பிக் கொடுக்க 30 நாள் உண்டு. நாமோ இன்னும் 1896இல் நிற்கின்றோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் இருத்தல் வேண்டும்.

லீசிங்கில் வாங்குவோர்க்கு இன்னும் ஓர் எச்சரிக்கை. வாகனம் பெற்றுக்கொண்டேன் என நீங்கள் ஒப்பமிட்ட தாளைக் கண்டே லீசிங் கொம்பனி விற்பனையாளருக்குப் பணத்தை விடுவிக்கும். அதற்குமேல் விற்பனையாளர் உங்கள் தொலைபேசிக்கு விடையளிக்கும் வேகம் சற்றுக் குறைதல் இயல்பு. மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயரில் பதிவாகிவிட்டாலோ, அந்தக் காரைப் புதியதென்று வேறொருவருக்கு விற்க அவரால் இயலாது. ஆதலால் மாற்றித் தரவும் இசையார்.

எனவே நல்ல நேரத்துக்கு முதல் நாளே, பதிவுக்கு முன்னர், வீட்டில் பொறுமை மிக்கவர் ஒருவரை அழைத்துச் சென்று காரைப் பார்த்துவிடுங்கள். குறை கண்டால் விற்பனையாளரோடு சச்சரவு வேண்டா. அவர் அதைச் செய்தவரல்லர். படம் எடுத்து, எழுதிக் கொடுங்கள். எழுதவேண்டியது நீண்டதன்று: "முன் இடக் கதவிற் கைப்பிடிக்குக் கீழே 6 சென்ரிமீற்றர் நீளக் கீறல் உண்டு. இதனை இன்ன திகதிக்குள் தம் செலவிற் பொலிஷினால் நீக்கித் தர விற்பனையாளர் இசைகின்றார். நீங்காவிடின் மறுபூச்சுக்கு என் சம்மதம் இல்லை; வேறு வாகனம் அல்லது இன்ன தொகை விலைக்குறைப்பு. அதுவரை வாகனம் விற்பனைக் கூடத்திலேயே இருக்கும், நான் ஏற்றுக்கொள்ளவில்லை." இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் விற்பனையாளரின் ஒப்பமும் றப்பர் முத்திரையும் பெற்றுக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழத்தை அடுத்த நாளுக்கு வாங்கலாம்.